கதிரவன் ஊட்டும் உயிர்ச்சத்தும் புற்றுநோய்த் தடுப்பும்

புற்றுநோய் வாராமல் தடுக்க வல்லது என்று உயிர்ச்சத்து 'டி'யைப் பற்றிப் பலரும் பேசக் கேட்கிறோம். உடல் வலி என்று மருத்துவரிடம் செல்வோர் இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு திரும்புகின்றனர். பரிசோதனைத் தாளில் 'குறைபாடு' என்று அச்சாகி வருகிறது. உடனே ஒருவருக்கு எழுதிய மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் உட்கொள்ளத் தொடங்குகின்றனர். நம் இல்லங்களில் இதனோடு வேறு சில கவலைகளும் சேர்ந்துகொள்கின்றன. மீனும் முட்டையும் உண்ணாத நமக்கு இச்சத்து எங்கிருந்து கிட்டும்? அது கிட்டாமையால் புற்றுநோய்க்கு நாம் எளிதில் இலக்காகி விடுவோமோ? கடையில் விற்கும் மாத்திரை எவ்வுயிரின் உடலிலிருந்து ஆக்கப்பட்டது? நம் தாய்மார்களும் பெரியோர்களும் அடிக்கடி எழுப்பும் வினாக்கள் இவை. இவற்றுக்கு அறிவியல் இதுகாறும் கண்டுள்ள விடை யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சத்தா, சுரப்பா?

உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாமல் உணவின் வழியே பெற வேண்டிய பொருளையே உயிர்ச்சத்து என்கிறோம். இவ்விலக்கணம் 'டி'க்கு முழுதும் பொருந்துவதன்று. நம் தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்னும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் இயல்பாகவே உள்ளது. கதிரவன் ஒளியிலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்களுள் 'பி' வகைக் கதிர் அதன்மீது படும்போது அது உருமாறுகிறது. உடலின் வெப்பத்தால் மேலும் மாறி 'டி-3' ஆகிறது. பின்னர் குருதியில் கலந்து கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் அடைந்த பிறகே அது செயல் வல்லமை பெறுகிறது. ஓரிடத்தில் தோன்றிக் குருதி வழியே சென்று வேறோர் உறுப்பை இயக்குவதால் இதனை ஒரு ஹார்மோன் என்றே அறிஞர் கருதுகின்றனர். உணவிலிருந்து குடல் சுண்ணாம்புச் சத்தை ஈர்த்துக்கொள்ள உதவுவதே இதன் முதன்மையான பணி.

இவ்வுண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. கால் வளைந்து எலும்பு மென்மையுறும் 'ரிக்கெட்ஸ்' என்னும் நோய், ஐரோப்பிய நகரங்களின் நெருக்கமான தெருக்களில் வளர்ந்த குழந்தைகளை வாட்டியது. போலந்து நாட்டு மருத்துவர் ஸ்னியாடெக்கி, வார்சா நகரக் குழந்தைகளிடம் மிகுந்து காணும் இந்நோய் புறநகர்ச் சிற்றூர்க் குழந்தைகளிடம் அரிதாக இருப்பதைக் கண்டு, வெயிலே இதற்கு மருந்து என்று 1822இல் எழுதினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அச்சொல் செவியேறவில்லை. 1919இல் பெர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பார் புறஊதாக் கதிர் விளக்கினால் நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி என்பார் மீன் எண்ணெயால் அந்நோய் தீர்வதைக் கண்டார். ஒன்று வெளியிலிருந்து படும் ஒளி. மற்றொன்று உண்ணும் எண்ணெய். இரண்டும் ஒரே நோயைத் தீர்ப்பது எங்ஙனம் என்பது அன்று பெரும் புதிராக விளங்கியது. எண்ணெயில் உள்ள பொருளுக்கு அமெரிக்க அறிஞர் மெக்காலம் 1922இல் 'டி' என்று பெயரிட்டார். ஏ, பி, சி ஆகியவை முன்னரே வழங்கப்பட்டுவிட்டன என்பதைத் தவிர அப்பெயருக்கு வேறு சிறப்புப் பொருள் இல்லை. இப்பொருள்களின் வேதி அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் விண்டாஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

இவை யாவும் எலும்பைப் பற்றியவை. இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. புற்றுநோய் இக்கதையினுள் நுழைந்தது பின்னரே.

ஒரு வரைபடம் எழுப்பிய வினா

1941இல் அமெரிக்காவில் ஆப்பர்லி என்னும் மருத்துவ அறிஞர், வெயில் மிக்க மாநிலங்களில் புற்றுநோயால் இறப்போர் தொகை குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அப்போது அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1974இல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஆக்கிய வரைபடங்களை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் காட்டினர். செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்னும் உடன்பிறந்தார் இருவர் அவற்றைக் கூர்ந்து நோக்கினர். பெருங்குடல் புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள் வடகிழக்கு மாநிலங்களில் மிகுந்தும், வெயில் காயும் தென்மேற்கில் அருகியும் இருந்தன. உயிர்ச்சத்து 'டி'யே இவ்வேற்றுமைக்குக் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை அவர்கள் 1980இல் வெளியிட்டனர். இன்று நாம் கேட்கும் பேச்சுகள் அனைத்துக்கும் வித்து இக்கட்டுரையே எனலாம்.

ஆனால் வரைபடம் வினாவை எழுப்பும், விடையைத் தாராது. குடை பிடித்தோர் நிறைந்த தெருவில் மழை பெய்கிறது. குடைதான் மழையை வருவித்தது என்று யாரும் சொல்வதில்லை. வெயில் நாட்டாரும் குளிர் நாட்டாரும் உணவாலும், தொழிலாலும், உடல் பருமனாலும், மருத்துவ வசதியாலும் வேறுபடுவர். மேலும், இதே முறையில் நம் நாட்டை வைத்துப் பார்த்தால் கணக்குத் தலைகீழாகிறது. இந்தியரின் குருதியில் இச்சத்து அமெரிக்கரைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. எனினும் வயதின் வேறுபாட்டைச் சரிசெய்து ஒப்பிட்டால், ஒரு லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்னும் புற்றுநோய்ப் பதிவு அமெரிக்காவைவிட இங்கு மிகக் குறைவு. நம் பதிவுகளில் விடுபாடுகள் இருக்கலாம். வாழ்க்கை முறையும் வேறு. அதனால்தான் நாடுகளை ஒப்பிட்டு முடிவு கட்டுதல் தகாது என்கிறோம்.

வரைபடத்தோடு நில்லாமல் மனிதரின் குருதியையே அளந்து பார்த்தவர்களும் உண்டு. இச்சத்து மிகுந்தவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாகவே வருகிறது என்ற முடிவு பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிட்டியது. இது வரைபடத்தைக் காட்டிலும் வலிய சான்றுதான். ஆயினும் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாள்தோறும் வெளியில் நடப்பவர், உழைப்பவர், உடல் பருக்காதவர் ஆகியோரிடமே இச்சத்து மிகுதி. நோயுற்றுப் படுக்கையில் கிடப்பவர் வெயிலைக் காண்பதில்லை. அவரிடம் அது குறைகிறது. குறைவினால் நோய் வந்ததா, நோயினால் குறைவு வந்ததா? இதனைக் குருதி அளவு ஒன்றைக்கொண்டு அறிய வழியில்லை.

ஆய்வுக்கூடம் காட்டிய நம்பிக்கை

1981இல் இரு வேறு ஆய்வுக் குழுவினர் வியத்தகு செய்திகளை வெளியிட்டனர். கோல்ஸ்டன் என்னும் அம்மையாரின் குழு, செயல் வல்லமை பெற்ற 'டி', தோல் புற்று அணுக்களின் பெருக்கத்தைத் தளர்த்துவதைக் கண்டது. ஜப்பானியக் குழு ஒன்று, எலியின் இரத்தப் புற்று அணுக்கள் இதனால் முதிர்ச்சி பெற்று இயல்பான அணுக்களை ஒத்து மாறுவதைக் கண்டது. புற்று அணு என்பது முதிராமல் பெருகிக்கொண்டே இருக்கும் அணு. அதனை முதிரச் செய்யும் ஒரு பொருள் நம் உடலிலேயே ஊறுகிறது என்றால் யார்க்குத்தான் நம்பிக்கை பிறவாது? எலும்போடு தொடர்பில்லாத குடல், மார்பகம் போன்ற உறுப்புகளின் அணுக்களிலும் இச்சத்தை ஏற்கும் வாயில்கள் உள்ளன என்பதும் தெரியவந்தது.

ஆயினும் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த அளவை மனித உடலுக்குக் கொடுத்தால் குருதியில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து உயிருக்கே ஊறு நேரும். கிண்ணத்தில் வென்றது உடலிலும் வெல்லும் என்பது உறுதியன்று.

இவ்விடத்தில் வேறோர் உயிர்ச்சத்தின் வரலாற்றை நினைவு கூர்தல் நலம். கேரட், கீரை முதலியவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்பு பல ஆய்வுகள் கூறின. அதனை மாத்திரையாக்கி, பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரை வைத்துச் சோதித்தனர். 1994இல் முடிவு வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! கீரை உண்பது நன்று என்பதில் மாற்றமில்லை; கீரையின் நன்மையை ஒரு மாத்திரைக்குள் அடைத்துவிட்டோம் என்று எண்ணியதே பிழை. அன்று முதல், ஆயிரக்கணக்கானோரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு மருந்தும் மறு கூற்றுக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் கொடுத்துப் பல்லாண்டு காத்திருந்து பார்ப்பதையே அறிவியலார் இறுதிச் சான்றாகக் கொள்கின்றனர்.

எடையிட்டுப் பார்த்த ஆய்வுகள்

அத்தகைய முதற் பெரிய ஆய்வு அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்கள் 36,282 பேரிடம் நடந்தது. நாளொன்றுக்கு 400 அலகு 'டி'யும் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் ஏழாண்டுகள் கொடுத்தும் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை என 2006இல் முடிவு வந்தது. அளவு போதவில்லை என்று சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டே நெப்ராஸ்கா மாநிலத்தில் 1,179 பெண்களிடம் கூடுதல் அளவு கொடுத்து நடத்திய ஆய்வு, புற்றுநோய் குறைந்தது என்றது. செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக்கி எழுதின. அதே குழுவினர் 2,303 பெண்களை வைத்து மேலும் விரிவாகச் செய்து 2017இல் வெளியிட்டபோது, மருந்து உண்டோரிடம் நோய் சிறிது குறைவாகத் தோன்றினாலும், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடும் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது.

இவை அனைத்தினும் பெரிய சான்று 'வைட்டல்' எனப்படும் ஆய்வு. ஜோஆன் மேன்சன் அம்மையாரின் தலைமையில், 50 வயது கடந்த ஆடவரும் 55 வயது கடந்த பெண்டிருமாக 25,871 பேர் இதில் பங்கு கொண்டனர். ஒரு சாராருக்கு நாள்தோறும் 2,000 அலகு 'டி-3' கொடுத்தனர். ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்தபின் கணக்கிட்டபோது, மருந்து உண்டவர்களில் 793 பேருக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களில் 824 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. இரு சாராரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையினர். எனவே நோய் வருவதை மாத்திரை தடுக்கவில்லை என்பதே நேரிய முடிவு. 2018இன் இறுதியில் அவ்வாறே அறிவித்தனர்.

ஆனால் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். புற்றுநோயால் இறந்தவர் தொகை மருந்து உண்டவரில் 154, உண்ணாதவரில் 187. இவ்வேற்றுமையும் தற்செயலின் எல்லையைச் சிறிதளவே தாண்டாமல் நின்றது. முதல் இரண்டாண்டு மரணங்களை நீக்கிப் பார்த்தால் வேற்றுமை மேலும் தெளிவாயிற்று. உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவிய அல்லது உயிரைக் கொண்டுபோன முற்றிய புற்றுநோய் 17 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2020இல் அதே ஆய்வினர் எழுதினர். அந்நன்மையும் உடல் பருமன் இல்லாதவரிடமே தெளிவாகக் காணப்பட்டது. நோய் வராமல் தடுக்காது. வந்த நோய் பரவுவதைச் சிறிது தாமதிக்கச் செய்யலாம் என்ற கருத்து இவ்வாறு உருவாயிற்று. பல ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வந்த ஒரு தொகுப்பும், நோயின் வரவில் மாற்றமில்லை. மரணத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு உண்டு என்றது.

இங்ஙனம் நம்பிக்கை மீண்டும் தளிர்த்த வேளையில் ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு முடிவு வந்தது. அங்கு 60 வயதுக்கு மேற்பட்ட 21,315 பேருக்கு, நாள்தோறும் கொடாமல், மாதம் ஒருமுறை 60,000 அலகாக ஐந்தாண்டு கொடுத்தனர். 2022இல் வெளியான முடிவின்படி புற்றுநோய் மரணம் குறையவில்லை. சொல்லப்போனால் மருந்து உண்டவர் பக்கம் சற்றே கூடுதலாகத் தோன்றியது. பின்லாந்தில் 2,495 பேரிடம் நாள்தோறும் 1,600 அலகும் 3,200 அலகும் கொடுத்து நடத்திய ஆய்விலும் புற்றுநோய் குறையவில்லை. நாள்தோறும் சிறுகச் சிறுகக் கொடுத்தால் நன்மை, மொத்தமாகக் கொடுத்தால் நன்மையில்லை என்று சிலர் இவ்வேற்றுமைக்கு விளக்கம் கூறுகின்றனர். 2023இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் அதற்கு ஓரளவு ஆதரவாக நிற்கிறது. இது பொருத்தமான விளக்கமாகவே நமக்கும் படுகிறது. எனினும் இக்கருத்தைச் சோதிப்பதற்கென்றே வகுத்த பெரிய ஆய்வு ஒன்றினால் மெய்ப்பிக்கும் வரை, விளக்கத்தை முடிவாகக் கொள்ளுதல் கூடாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 'வைட்டல்' ஆய்வில் பங்கு கொண்டோரின் குருதியில் தொடக்கத்திலேயே சராசரியாக ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் அளவுக்கு இச்சத்து இருந்தது. நிறைந்த குடத்தில் நீர் ஊற்றினால் என்ன பயன் விளையும்? உண்மையான குறைபாடு உடையவரிடம் பயன் கூடுதலாக இருக்கலாம் என்னும் வாதம் இதனால் இன்னும் உயிரோடு இருக்கிறது. குறைபாடு உடையவரைக் கண்டறிந்து, அவருக்கு மருந்து கொடாமல் ஐந்தாண்டு வேடிக்கை பார்ப்பது அறமாகாது. ஆகையால் அவ்வாய்வைச் செய்வதும் எளிதன்று.

ஆகவே, 'டி' மாத்திரை உண்டால் புற்றுநோய் வாராது என்று யாரேனும் கூறினால் அது மெய்ப்பிக்கப்படாத கூற்று. அதனால் பயனே இல்லை என்று கூறினால் அதுவும் அவசரக் கூற்று. 2022இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, புற்றுநோய்த் தடுப்புக்காக இதனைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ சான்று போதாது என்றே அறிவித்தது. 2024இல் உட்சுரப்பியல் அறிஞர் சங்கம் வகுத்த நெறிமுறை, நோயற்ற பெரியவர் யாவருக்கும் இரத்தத்தில் இச்சத்தை அளந்து பார்க்கத் தேவையில்லை என்றும், குழந்தைகள், கருவுற்ற தாய்மார், 75 வயது கடந்தோர் முதலானோருக்கு மட்டும் அன்றாடத் தேவைக்கு மேற்பட்ட கூடுதல் சத்து நலம் தரலாம் என்றும் கூறியது. பரிசோதனைக்காக வீணாகும் பணத்தை எண்ணும்போது இந்நெறிமுறை நம்மவர்க்கும் ஏற்றதே.

பரிசோதனைத் தாளைப் பற்றியும் ஒரு சொல். 20 நானோகிராம் இருப்பின் எலும்புக்குப் போதுமானது என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இல் வரையறுத்தது. பல ஆய்வுக்கூடங்கள் 30க்குக் கீழ் உள்ள அனைத்தையும் குறை என்று அச்சிடுகின்றன. தாளில் உள்ள சொல்லைக் கண்டு அஞ்சாமல், எண்ணைக் காட்டி மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

நம் அடுக்களையும் இச்சத்தும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தபடி ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 அலகு தேவை. இது மீன் எண்ணெயிலும் கொழுப்பு மிக்க மீனிலும் நிறைந்தும், முட்டையின் மஞ்சளில் சிறிதளவும் உள்ளது. வெயிலில் வைத்த காளானிலும் உண்டு. இவற்றுள் எதுவும் நம் அடுக்களையில் நுழைவதில்லை. பாலிலும் நெய்யிலும் இயற்கையாக இருப்பது மிகச் சொற்பம். 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 'டி' சேர்த்துச் செறிவூட்டிய பாலும் எண்ணெயும் விற்பனைக்கு வருகின்றன; அப்பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 அலகு வரை இருக்கும். ஒருவர் அரை லிட்டர் பால் அருந்தினாலும் தேவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நிறையாது. எனவே உணவு முறையால் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்று தாழ்வு எண்ண வேண்டியதில்லை. மீன் உண்ணும் குடும்பத்தாரும் இச்சத்தின் பெரும்பகுதியை உணவிலிருந்து பெறுவதில்லை. யாவருக்கும் முதல் ஊற்று கதிரவனே.

அப்படியானால் வெயில் சுட்டெரிக்கும் நம் நாட்டில் குறைபாடு ஏன்? 2000இல் டில்லியில் நலமுடையோரிடம் நடந்த ஆய்வும், பின்னர் திருப்பதிப் பகுதியில் நகரத்தாரிடமும் சிற்றூராரிடமும் நடந்த ஆய்வுகளும் இக்குறைபாடு பரவலாக உள்ளதைக் காட்டின. வயலில் உழைக்கும் சிற்றூரார் நகரத்தாரைவிட மேலான நிலையில் இருந்தனர். நம் முன்னோர் பலரும் நிலத்தில் உழைத்தவரே. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் பிற நகரங்களிலும் காலை முதல் மாலை வரை கூரையின் கீழ் அமர்ந்திருக்கின்றனர். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேர வெயில் வேண்டும் என்பதும், நகரின் புகையும் தூசும் கதிரைத் தடுப்பதும், உடல் மூடும் ஆடையும் பிற காரணங்கள். உடல் பருமன் உடையவரிடம் இச்சத்து கொழுப்பில் சென்று தங்கிவிடுவதால் குருதியில் குறைகிறது.

வெயிலில் எவ்வேளை?

இளங்காலை வெயிலே இதற்கு ஏற்றது என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. இதமான வெயில் அது. நடைப்பயிற்சிக்கு மிக நன்று. ஆயின் கதிரவன் தாழ்ந்திருக்கும் வேளையில் 'பி' வகைக் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடக்க வேண்டியிருப்பதால் பெரும்பகுதி வழியிலேயே தடைப்பட்டுவிடும். திருப்பதியில் செய்த சோதனைகளில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையே இச்சத்து நன்கு உருவாவதாகக் கண்டனர். கடிகாரம் வேண்டாதவர்க்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையே தக்க வேளை. முகம், கை, கால்கள் திறந்திருக்கச் சிறிது நேரம், வாரத்தில் சில நாள்கள் இருந்தால் போதும். கோடை நண்பகலில் மயங்கி விழும்வரை நிற்பது அறிவுடைமை ஆகாது. சன்னல் கண்ணாடிக்கு உள்ளே அமர்ந்து வெயில் காய்வதால் பயனில்லை. கண்ணாடி இக்கதிரை உள்ளே விடாது.

நெடுநேரம் நின்றால் மிகுதியாகச் சேரும் என்பதும் இல்லை. ஓரளவுக்கு மேல் உருவானதை வெயிலே சிதைத்துப் பயனற்ற பொருளாக்கி விடுகிறது. ஆதலின் வெயிலால் இச்சத்து நஞ்சாவது இல்லை. ஆனால் வெயிலும் குற்றமற்றது அன்று. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1992இலேயே கதிரவன் ஒளியைத் தோல் புற்றுநோய்க்குக் காரணமாக வகுத்துள்ளது. வெண்ணிறத் தோலினர்க்கே இவ்விடர் பெரிது; நமக்குச் சிறிது.

மாத்திரையின் மூலம்

இப்போது நம் குடும்பங்களுக்கே உரிய வினாவுக்கு வருவோம். 'டி-3' மாத்திரைகளுக்கான பொருள் பெரும்பாலும் செம்மறி ஆட்டின் கம்பளி மயிரைக் கழுவும்போது பிரியும் லானோலின் என்னும் பிசுக்கிலிருந்து ஆக்கப்படுகிறது. வெட்டிய மயிரிலிருந்து எடுப்பதாயினும் உயிரினத்தின் உடலிலிருந்து வந்ததே. மீனின் ஈரல் எண்ணெயில் ஆன மருந்துகளும் விற்கின்றன. அவை நமக்கு ஆகா என்பதில் ஐயமில்லை. 'டி-2' என்பது ஈஸ்ட் முதலியவற்றில் உள்ள ஒரு பொருளின் மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சி ஆக்குவது. குருதியில் அளவை உயர்த்துவதில் 'டி-3' சற்று வலியது. எனினும் 'டி-2'வும் குறைபாட்டை நீக்கும். பாறைகளில் படரும் லைக்கனிலிருந்து எடுத்த 'டி-3'யும் இப்போது விற்பனையில் உண்டு; விலை மிகுதி.

பலரும் கவனியாதது மேலுறை. பளபளக்கும் மென்குளிகைகளின் உறை பெரும்பாலும் விலங்குகளின் எலும்பும் தோலும் கொண்டு செய்யும் ஜெலட்டினால் ஆனது. உள்ளே உள்ளது எதுவாயினும் உறை அதுவே. தூளாகவும், சப்பி உண்ணும் மாத்திரையாகவும், சொட்டு மருந்தாகவும் இதே சத்து கிடைப்பதால், உறையில்லாத வடிவில் எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்டால் அவர் மறுக்கப்போவதில்லை. எதனை ஏற்பது, எதனைத் தவிர்ப்பது என்பது அவரவர் மேற்கொண்ட விரதத்தையும் மனச்சான்றையும் பொறுத்தது. அதில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆனால் ஒன்றைத் துணிந்து கூறலாம். புற்றுநோய்க்கு அஞ்சி, மனம் ஒப்பாத மாத்திரையை ஒருவர் விழுங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இன்றைய அறிவியலில் இல்லை. எலும்பு மென்மை, முறிவு, தசைத் தளர்ச்சி ஆகியவற்றோடு கூடிய மெய்யான குறைபாடு வேறு. அதற்கு மருத்துவம் தேவை. மூலத்தைக் காரணம் காட்டி முதியோர் அதனைத் தள்ளிப்போடுவது நன்றன்று. மாற்று வடிவங்கள் உள்ளன.

புற்றுநோய்க்காகவே அஞ்சுவோர் கவனிக்க வேண்டியவை வேறு. வெற்றிலையோடு சேரும் புகையிலையும், தனியே மெல்லும் பாக்குங்கூட வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசியும் முன்னறி சோதனையும் உண்டு. மார்பகத்தில் கட்டி தோன்றினால் நாணத்தால் மறைக்காமல் உடனே காட்டுதல் எத்தனை மாத்திரைகளுக்கும் மேலானது. புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்று வருவோர், அம்மருத்துவத்துக்கு மாற்றாக 'டி'யை நம்புதல் பெருங்கேடு. சில மார்பகப் புற்றுநோய் மருந்துகள் எலும்பைத் தளர்த்துவதால் மருத்துவரே சுண்ணாம்புச் சத்தோடு இதனையும் சேர்த்து எழுதுவார். அஃது எலும்பைக் காப்பதற்கே.

அளவு மிகின்

இது நீரில் கரைந்து வெளியேறும் சத்தன்று, கொழுப்பில் தங்குவது. மருத்துவர் மேற்பார்வையின்றி நாளொன்றுக்கு 4,000 அலகுக்கு மேல் உட்கொள்ளலாகாது. நம் நாட்டில் பெரிதும் வழங்கும் 60,000 அலகுப் பொட்டலம், வாரத்துக்கு ஒன்றாகச் சில வாரங்கள் மட்டும் உண்பதற்கு உரியது. சீட்டில் எழுதியதைச் சரிவரப் படியாமல் நாள்தோறும் உண்போரும், எட்டு வாரம் முடிந்த பின்னும் தாமே வாங்கித் தொடர்வோரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த பெண்கள் 2,256 பேரிடம் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் அலகு பெற்றவர்கள், பெறாதவரைவிடக் கூடுதலாகக் கீழே விழுந்தனர். எலும்பு முறிவும் அவர்களிடமே மிகுந்தது என 2010இல் தெரியவந்தது. எலும்பைக் காக்கக் கொடுத்த மருந்து அது!

அளவு மிகுந்தால் குருதியில் சுண்ணாம்புச் சத்து பெருகும். உணவில் வெறுப்பு, வாந்தி, மலச்சிக்கல், தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், முதியோரிடம் மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனியாது விட்டால் சிறுநீரகம் பழுதடையும். முதுமையின் தளர்ச்சி என்று இவற்றை எண்ணி மேலும் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. இச்சத்தை உண்டுவரும் பெரியோரிடம் இவற்றுள் ஏதேனும் தோன்றினால், மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். செல்லும்போது அவர் உண்ட பொட்டலங்களின் காலி உறைகளையும் உடன் எடுத்துச் செல்லுதல் நன்று.